முதல் வரி கடைசிக்குப் போன காவியம்

பூசணிக்கோட்டை ராஜாவைப் புகழ்ந்து பிரளயப் புலவர் ஐயாயிரம் வரியில் ஒரு காவியம் பாடினார். மூன்று நாள் பாடினார். தலையாட்டித் தலையாட்டியே ராஜாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. பாதி ராஜ்யத்தை எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

புலவர் பென் டிரைவைக் கொண்டுபோய் அரண்மனை கம்ப்யூட்டர் ஆபரேட்டர் செண்பகவல்லியின் முன்னால் எறிந்தார். "ஏய், இதைப் பிரிண்ட் எடு. ஒரு வரி இடம் மாறினாலும் உனக்குச் சிறைதான்!"

முதல் பக்கத்திலேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மொத்தம் எத்தனை விதமான வரிகள் இருக்கின்றன என்று எண்ண நாலு வரியில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி ஓட்டினாள். விடையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு காவியத்தின் முதல் வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டி, பிரிண்ட் எடுத்தாள்.

புலவர் சபை நடுவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் ஓலையோடு வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்தார். "பிசகே இல்லை, மகாராஜா! ஒவ்வொரு வரியும் அதனதன் இடத்தில் இருக்கிறது."

"இல்லையே, மகாராஜா. முதல் வரியைத் தூக்கிக் கடைசியில் போட்டது நான்தான்" என்றாள் செண்பகவல்லி.

"தள்ளுங்கள் இவளைச் சிறையில்!" என்று துள்ளினார் புலவர்.

ராஜா கையமர்த்தினார். "இரும் ஓய்! வரி இடம் மாறியது உமக்கே தெரியவில்லையா? அதெப்படி?"

"எல்லாமே ஒரே வரிதான், மகாராஜா. ராகத்தை மட்டும் மாற்றி மாற்றி ஐயாயிரம் தடவை பாடியிருக்கிறார்."

ராஜாவுக்கு மீசை துடித்தது. "அப்படி என்ன வரி அது?"

செண்பகவல்லி உரக்கப் படித்தாள்: "எங்கள் ராஜாவை ஏமாற்ற எவனால் முடியும்?"