ஆள்காட்டி வாய் திறந்த கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சில் வம்பளந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், உடையப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு வேறு வேலை கிடையாது, பறவை பார்ப்பான். மலையில் இருவாச்சி, காட்டில் மயில், கடற்கரையில் பூநாரை என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, ஒருநாள் கண்மாய்ப் பக்கம் வந்து சேர்ந்தான்.

அங்கே ஓர் ஆள்காட்டிப் பறவைத் தம்பதி குடியிருந்தார்கள். அப்போதெல்லாம் இருவரும் பரம சாது. மனைவி வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். கூடு கட்டும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

உடையப்பனைக் கண்டதும் கணவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நம்மளையும் ஒரு மனுசன் பார்க்க வந்திருக்கான் புள்ள!"

ஜிவ்வென்று எழும்பி, சிறகின் கறுப்பும் வெள்ளையும் தெரிய வட்டமடித்தான்.

உடையப்பன் அண்ணாந்து பார்த்தான். பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண் மேலே போய்விட்டால், கால் எங்கே போகிறது என்று தெரியாது. இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று பின்பக்கமாகவே நடந்தான். முட்டைகள் இருந்ததும் அந்தப் பக்கம்தான்.

மனைவி முட்டைகளை நோக்கி ஓடிவந்தாள். ஆனால் வந்த விருந்தாளியிடம் சத்தம் போடலாமா?

"அண்ணே, கொஞ்சம் கீழ பாருங்கண்ணே" என்றாள் மெதுவாக.

"உஸ்! பேசாத தாயி, பறவை பறந்துரும்" என்றான் உடையப்பன், திரும்பாமலே.

"நானும் பறவைதாண்ணே..."

"உஸ்!"

குதிகால் முட்டைக்கு மேலேயே வந்துவிட்டது. மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! தொண்டை கிழியக் கத்தினாள் பாருங்கள், உடையப்பன் துள்ளிப்போய்ச் சேற்றில் விழுந்தான். கண்மாயில் இருந்த கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் மொத்தமாக எழும்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டன.

"கெடுத்தியே பாவி! ஒண்ணைக்கூட நல்லாப் பார்க்கலையே!" என்று சேற்றில் இருந்தபடியே புலம்பினான்.

"எம் பிள்ளைகள மிதிக்கப் போனீகளே, அது தெரியலையா?"

உடையப்பன் குனிந்து பார்த்தான். "அட, இதெல்லாம் முட்டையா? கல்லுன்னுல்ல நெனச்சேன்!"

அவள் அவனை விட்டுவிட்டுத் திரும்பினாள். அசட்டுச் சிரிப்போடு தரையிறங்கிய கணவனைப் பிடித்துக்கொண்டாள். "அழகு காட்டுனது போதும். இனிமே மனுசத் தலை தெரிஞ்சாலே கத்தணும். கிட்ட வந்தப்புறம் இல்ல, தூரத்துலயே!"

அவன் அந்த நிமிடமே கரைமேல் ஏறி நின்று கத்திப் பழகினான். மறுத்திருந்தால் அன்றைக்கு அவன் பாடு அவ்வளவுதான்.

அன்று திறந்த வாயைத்தான் ஆள்காட்டி இன்றுவரை மூடவில்லை. தொப்பியும் தொலைநோக்கியுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு நாம் கண்மாய்க் கரை ஏறினால், முதலில் அது நம்மைப் பார்த்துவிடுகிறது. கத்தி ஊரையே கூட்டுகிறது. மற்றப் பறவைகள் பறந்துவிடுகின்றன. "நாங்கள் சும்மா பறவை பார்க்கத்தான் வந்தோம்" என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை. உடையப்பனும் அதற்குத்தான் வந்தான்.