பிரதானி வீட்டுப் படி

முன்னொரு காலத்தில் மாடக்குறிச்சி என்ற சின்னப் பட்டணத்தைக் கம்பீரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எல்லாம் தன் வாயால் சொல்லித்தான் நடக்கவேண்டும் என்பது அவன் பைத்தியம். காலையில் சூரியனுக்கு உதிக்க உத்தரவு கொடுத்துவிட்டுத்தான் பல் துலக்குவான். உத்தரவுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அவனுடைய பிரதானி தாண்டவராயன். ராஜாவின் பல்லக்கு வாசல்வரை வரவேண்டும் என்ற ஆசையில் அவன் தெருச் சாக்கடையின் மேலேயே கருங்கல் படி கட்டிக்கொண்டான். ஐப்பசி மழையில் அந்தப் படிக்கு அடியில் குப்பை அடைத்தது. தண்ணீர் திரும்பி நெசவாளர் தெருவுக்குள் புகுந்தது. மராமத்து ஆளான சடையன் கடப்பாரையோடு வந்து இரண்டு கற்களைப் பெயர்த்துப் போட்டான். தண்ணீர் வடிந்துவிட்டது. விடிந்ததும் பிரதானி வழக்கம்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெளியே வந்தான். படி இருக்கும் என்று கால் வைத்தான். படி இல்லை. இடுப்புவரை சாக்கடையில் நின்ற பிரதானியைப் பார்த்துத் தெருவே சிரித்தது.

சபையில் தாண்டவராயன் குமுறினான். "மகாராஜா! இன்று என் வீட்டுப் படியில் கை வைத்தவர்கள் நாளை சிங்காதனத்தின் படியில் வைப்பார்கள்!"

ராஜா நடுங்கிப்போனான். சடையனைச் சிறையில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மொட்டையடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுத் துரத்துவது என்று தீர்ப்பு. கற்களைச் சுண்ணாம்பு வைத்துப் பழையபடி பதித்தார்கள். மராமத்து மேஸ்திரியான காத்தாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"இனி என் வாயால் சொல்லாமல் இந்தப் பட்டணத்தில் ஒரு கல்லும் பெயரக்கூடாது!" என்றான் ராஜா.

"ஒவ்வொரு கல்லுக்கும் கேக்கணுங்களா?"

"ஒவ்வொரு கல்லுக்கும்!"

"மண்ணுக்கு?"

"மண்ணுக்கும்!"

"எந்த நேரமானாலுங்களா?"

"நான் எந்த நேரமும் ராஜாதானே!"

காத்தாயி கும்பிட்டுவிட்டுத் தன் ஆட்களிடம் போனாள். "வேலையை நிறுத்தச் சொல்லலை. கேட்டுச் செய்யச் சொல்லியிருக்கார். யோக்கியமாக் கேப்போம்" என்றாள்.

மறுநாள் ராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஓர் ஆள் வந்து நின்றான். "மேலவீதியில ஒரு கல்லு ஆடுதுங்க. எடுக்கலாங்களா?"

"எடு."

சற்று நேரத்தில் அவனே திரும்பி வந்தான். "எடுத்தாச்சுங்க. எங்கே வைக்கட்டும்?"

ராஜா ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது இன்னொருவன் வந்தான். "சாக்கடை மண்ணுல ஒரு பெருச்சாளி செத்து ஊறிக் கிடக்குதுங்க. மண்ணோட அள்ளட்டுங்களா, இல்லே மகாராஜா ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றீங்களா?"

ராஜா இலையை மூடிவிட்டான்.

அயல்நாட்டுத் தூதர் வந்திருந்த நேரத்தில் காத்தாயியே வந்தாள். "ராஜா, அரண்மனைக் கக்கூஸ் கால்வாயில கல்லு சரிஞ்சு கெடக்கு. எந்தப் பக்கமிருந்து நெம்பட்டும்?" தூதர் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தாண்டவராயன் முன்னால் பாய்ந்தான். "ஏய், இதற்கெல்லாம் நான் பதில் சொல்கிறேன்!"

"ராஜா வாயால வரணும்னு உத்தரவுங்க. உங்க வாயி எப்போலேருந்து ராஜா வாயாச்சு?"

ராஜா பிரதானியை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிரதானி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

அன்று சாயங்காலம் வானம் இருண்டது. காத்தாயி மறுபடி வந்தாள். "பிரதானி வீட்டுப் படியைப் பெயர்க்கலாங்களா?"

"அது என் பிரதானியின் வாசல். தொடாதே!"

"சரிங்க. தொடலை."

போன கையோடு அவள் ஆட்களை நெசவாளர் தெருவுக்கு அனுப்பினாள். நூலையும் தறிப் பாவுகளையும் பிள்ளைகளையும் மேட்டுச் சாவடிக்குத் தூக்கிப் போனார்கள். நூல் கல்லும் அல்ல, மண்ணும் அல்ல. அதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

வியாழக்கிழமை மழை கொட்டியது. படிக்கு அடியில் முட்டிய தண்ணீர் நெசவாளர் தெருவை நிரப்பியது. இந்த முறை கடப்பாரையை யாரும் எடுக்காததால் அங்கேயே நிற்காமல் மேலே ஏறி அரண்மனைக்குள் வந்தது. அரண்மனை அனுப்பிய கழிவையெல்லாம் அது அரண்மனைக்கே கொண்டுவந்தது. ராஜா சிங்காதனத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, "காத்தாயி! அந்தப் படியைப் பெயர்த்துப் போடு!" என்று கத்தினான்.

காத்தாயி முழங்கால் தண்ணீரில் நின்றாள். நகரவில்லை. "அதுக்கு என்ன தண்டனைன்னு தெரிஞ்சாத்தான் ஆளுங்க கடப்பாரையைத் தொடுவாங்க ராஜா."

"தண்டனையா? நானே அல்லவா சொல்கிறேன்!"

"அதே படி, அதே கடப்பாரை. முன்னாடி பெயர்த்தவனுக்கு நாளைக்கு மொட்டை. இப்போ பெயர்க்கறவனுக்கு என்னங்க?"

"அவன் உத்தரவில்லாமல் பெயர்த்தான்!" என்று அலறினான் தாண்டவராயன்.

"ஆமாங்க. அப்போ தண்ணி நெசவாளி வீட்டுல நின்னுச்சு, உத்தரவு வரலை. இப்போ ராஜா வீட்டுல நிக்குது, வந்துடுச்சு."

சபை நடுவே ஒரு பாக்குத்தட்டு மிதந்து போய்க்கொண்டிருந்தது. ராஜா தன் காலடியைப் பார்த்தான். பிறகு பிரதானியைப் பார்த்தான்.

"சடையனை விடுங்கள். மராமத்து வேலையில் இனி என் வாய் கிடையாது, யார் வாயும் கிடையாது. தாண்டவராயா, கடப்பாரையை வாங்கிக்கொள். உன் படியை நீயே பெயர்."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரதானி தன் படியை நெம்பியதைப் பட்டணம் முழுவதும் குடை பிடித்து நின்று பார்த்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயிக்குக் கொடுத்தான். சேறு படும் என்று அவள் அதை மடியில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் சடையனும் அவளும் அதே சாக்கடையில் இறங்கித் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மேலே தெருவில் தமுக்கடிப்பவன் போனான்.

"என்னக்கா சொல்லிட்டுப் போறான்?"

"மகாராஜா பட்டணத்தை வெள்ளத்துலேருந்து காப்பாத்திட்டாராம்."

சடையன் மண்வெட்டியைச் சேற்றில் இறக்கினான்.

"சரி, கூடையைத் தள்ளு" என்றான்.