பங்காளி வீட்டுத் தூளி

முன்னொரு காலத்தில், ஒரு தெரு முழுக்க ஏழைகள் அரண்மனைக்குச் சொந்தமான வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்த ஊர் ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் பிறந்து அரசவை விகடகவி ஆனவன் வெண்காடன். அவன் சின்னவனாக இருந்த காலத்தில் ஓடு உடைந்தால் அரண்மனை ஆட்களே வந்து மாற்றிவிடுவார்கள். ஆனால் விட்டத்தில் தூளி கட்டக் கொக்கி மாட்ட மட்டும் விடமாட்டார்கள். அவனைக் காலில் போட்டு ஆட்டியபடி அம்மா உட்கார்ந்தே தூங்கிப்போவாளாம். அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும், அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அவனுக்கு அவள் நினைவு வரும்.

ஒருநாள் மன்னருக்கு ஓர் ஆசை பிறந்தது. "ஏழைகளும் வீட்டுக்காரர்கள் ஆகட்டும்! பாதி வீட்டை அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். மீதிப் பாதிக்கு வாடகை தரட்டும். இன்றுமுதல் அவர்கள் என் பங்காளிகள்!" என்றார்.

"பழுது பார்ப்பது மட்டும் குடியிருப்பவர் பொறுப்பு, மன்னா," என்று பொக்கிஷ அதிகாரி மாணிக்கவல்லபர் நைசாகச் சேர்த்துக்கொண்டார். வெண்காடன் வாய் திறப்பதற்குள், "தெருவில் பிறந்தவருக்கு ராஜாங்கக் கணக்கு எங்கே புரியப்போகிறது?" என்று மட்டம் தட்டினார். அவருக்கு இவனைக் கண்டாலே ஆகாது.

சொந்த வீடானால் தூளிக்குக் கொக்கி மாட்டலாம் என்ற ஆசையில் முதல் ஆளாகப் பங்கு வாங்கியவன் மூட்டை சுமக்கும் சடையன். அவன் மனைவி பூவாயி நிறைமாதக்காரி. கையிலிருந்ததெல்லாம் பங்குக்கே போய்விட்டது. கார்த்திகை மழையில் கூரை ஒழுக ஆரம்பித்தது.

தேரோட்டத்தன்று காலை வெண்காடன் எட்டிப் பார்த்தான். பிறந்த குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு, ஒழுகாத ஒரே மூலையில் பூவாயி ஒடுங்கியிருந்தாள்.

"கொக்கி மாட்டியாச்சுண்ணே. விட்டந்தான் உளுத்துப் போச்சு. தூளி கட்டினா புள்ள மேலயே வந்து விழும்," என்றான் சடையன். "பேசாம வாடகைக்கே இருந்திருக்கலாம்."

வெண்காடன் தேரடிக்கு ஓடினான். மன்னர் வடம் பிடிக்கக் குனிந்துகொண்டிருந்தார்.

"தொடாதீர்கள் மன்னா! தங்களுக்குத் தீட்டு. பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது."

"எந்தப் பங்காளி?"

"மூட்டை சுமக்கும் சடையன். தாங்களே சபையில் திருவாய் மலர்ந்த உறவு."

மாணிக்கவல்லபர் பாய்ந்து வந்தார். "அது வீட்டுப் பங்கு ஐயா! அந்த வீட்டுப் பிள்ளைக்கும் மன்னருக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லையென்றால் பங்கும் இல்லை, வீடு முழுவதும் சடையனுடையது. பங்கு உண்டென்றால் தீட்டும் உண்டு, ஒழுகும் கூரையில் பாதியும் மன்னருடையது. வாடகை வாங்கும்போது பங்காளி, ஓடு மாற்றும்போது அந்நியரா? தாங்களே சொல்லுங்கள், மன்னா."

மன்னர் வடத்தையும் வெண்காடனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் பங்காளிதான்! வடத்தை ஊரார் பிடிக்கட்டும். இனி பழுதில் பாதி அரண்மனையைச் சேர்ந்தது. வாடகையே போதும் என்பவர்களுக்குப் பங்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாடகை வீட்டில் தூளிக் கொக்கி கூடாது என்ற தடையும் இன்றோடு போகட்டும். மாணிக்கவல்லபரே, சடையன் வீட்டுக்கு ஓடு சுமந்து போவது உமது வேலை!" என்றவர், தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார்.

புது விட்டம் ஏறியதும் வெண்காடன் அந்தப் பட்டுச் சால்வையையே தூளியாகக் கட்டிக் குழந்தையைக் கிடத்தினான்.

"ஐயோ அண்ணே, ராசா குடுத்த பட்டு! புள்ள நனைச்சிரும்!" என்று பதறினாள் பூவாயி.

"நனைக்கட்டும் தாயி, பங்காளி பட்டுதானே! நீ போய்ப் படு."

அவள் படுத்ததும் அயர்ந்து தூங்கிப்போனாள். வெண்காடன் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தான். அன்றைக்கு இப்படி ஒரு கொக்கி இருந்திருந்தால் அவன் அம்மாவும் படுத்துத் தூங்கியிருப்பாள்.