வரகன் வாங்கிய காவல் தேள்

கண்ணயர்ந்தான் குளத்தின் கரையில் ஒரு வெள்ளெலிக் குடும்பம் இருந்தது. அப்பன் பெயர் வரகன். அம்மா பெயர் சாமை. இன்னும் கண் திறக்காத நாலு குட்டிகள்.

அந்தக் குளம் இருக்கிறதே, அது ஒரு தினுசான குளம். உச்சிவெயிலில்கூடத் தண்ணீர்மேல் லேசாகப் புகைபோலப் பனி மிதக்கும். அல்லிப்பூக்கள் பாதி திறந்து பாதி மூடிக் கிடக்கும். அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் போதும், கொட்டாவி வந்துவிடும். மத்தியானம் ஆனால் நண்டு முதல் நரி வரைக்கும் அங்கங்கே சுருண்டு படுத்துவிடும். அதனால் அந்தக் கரையில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன கனவு?" என்றுதான் கேட்பார்கள். கனவில் நாவல்பழம் கண்டவர் எழுந்ததும் நாவல் மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவ்வளவு நம்பிக்கை!

ஒருநாள் மத்தியானம் வரகன் ஒரு கனவு கண்டான். வளை வாசலில் ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டியது. அவசரமே இல்லாமல், தண்ணீரில் இலை போவதுபோல, உள்ளே வந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. வரகனுக்குக் கால் அசையவில்லை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை.

அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தான். நாலு குட்டிகளும் சாமையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கின.

மறுநாளும் அதே கனவு. மூன்றாம் நாளும் அதே பாம்பு!

"சாமை, இனிமே சும்மா இருக்கப்படாது. வீட்டுக்கு ஓர் ஆயுதம் வேணும்!" என்றான் வரகன்.

"அந்தப் பாம்பு அக்கரையில இருக்குங்க. இக்கரைக்கு அது வந்து நான் பார்த்ததே இல்லை."

"வந்தா என்ன பண்ணுவே?"

"பின்வாசலைத் திறந்துகிட்டு ஓடுவேன். வேற என்ன பண்ணுவாங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எந்த வெள்ளெலியும் ஒற்றை வாசல் வைத்து வளை தோண்டாது. பின்னால் ஒரு வழி தோண்டி, அதன் வாயை மெல்லிசாக மண்ணால் மூடி வைக்கும். வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது வெறும் தரை. உள்ளே இருப்பவர் தலையால் ஒரு முட்டு முட்டினால் திறந்துகொள்ளும்.

"ஓடுறதா? என் வீட்டை விட்டு நான் ஏன் ஓடணும்?" என்று வரகன் மீசையை முறுக்கினான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவன் கண்ணுக்குச் சாமையின் வால்கூட அப்போது பாம்பாகத்தான் தெரிந்தது, பாவம்!

பாறை இடுக்கில் முள்ளம்பன்றி ஊசிமுத்து அண்ணாச்சி கடை வைத்திருந்தார். கரையில் யாருக்கு ஆயுதம் வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். வரகன் ஒரு கட்டு கோரைக்கிழங்கைச் சுமந்துகொண்டு போனான்.

"வாங்க தம்பி! இன்னைக்கு என்ன கனவு?"

"பாம்பு, அண்ணாச்சி. அதுக்குத்தான் ஏதாவது கொடுங்க. இதுவரைக்கும் நான் ஆயுதம் தொட்டதே இல்லை."

அண்ணாச்சி தம் முதுகிலிருந்து உதிர்ந்த முள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வரகன் அதைத் தூக்கினான். அது அவனைவிட மூன்று மடங்கு நீளம். இந்தப் பக்கம் சாய்ந்தான், அந்தப் பக்கம் சாய்ந்தான், கடைசியில் தன் காலிலேயே போட்டுக்கொண்டான்.

"ஐயோ! இது வளைக்குள்ள திரும்பாது அண்ணாச்சி!"

"அப்போ கள்ளிப்பால்? எதிரி கண்ணைப் பார்த்துத் தெளிக்கணும். காத்து நம்ம பக்கம் அடிச்சா நம்ம கண்ணு போயிடும்."

"வேண்டாம், வேண்டாம்! அந்த மூலையில இருக்கிறது என்ன?"

மூலையில் ஒரு கருந்தேள் படுத்திருந்தது. அதன் கொடுக்கில் வேப்பங்கொட்டை ஓடு ஒன்று தொப்பிபோல மாட்டி, வாழைநாரால் கட்டியிருந்தது.

"அவன் பேர் கொடுக்கன். குறி பார்க்கத் தேவையில்லை. வாசல்ல படுக்கப் போட்டாப் போதும்."

வரகன் கிட்டே போனான். "ஏம்ப்பா, வீட்டாள் யாரு, வெளியாள் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தேள் ஒரு கண்ணைத் திறந்தது. "எனக்கு முகம் தெரியாது. என் முன்னால அசைஞ்சாக் கொட்டுவேன். நான் படிச்சது அவ்வளவுதான்!" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போயிற்று.

அண்ணாச்சி வரகன் முகத்தையே பார்த்தார். "தம்பி, வீட்டில குட்டிங்க இருக்கா?"

"நாலு இருக்கு."

"அப்போ நான் சொல்றதைக் காதில வாங்கிக்கோங்க. இந்த உறை எப்பவும் கொடுக்கிலேயே இருக்கணும். பாம்பைக் கண்ணால பார்த்தாத்தான் கழட்டணும். கனவில பார்த்துட்டுக் கழட்டக் கூடாது! அப்புறம், உங்களுக்கு முதல்ல வேண்டியது காவலுக்கு ஓர் ஆள். குளத்தங்கரையில ஆட்காட்டிக் குருவி இருக்கா. அவளைப் போய்ப் பாருங்க."

வரகன் தலையை ஆட்டினான். அந்தத் தலை எதற்குத்தான் ஆடாது! அவன் கண் முழுக்கத் தேளின் மேலேயே இருந்தது.

கிழங்குக் கட்டைக் கொடுத்துத் தேளை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ஆட்காட்டியையும் பார்த்தான். நீண்ட மஞ்சள் கால்களோடு அவள் தரையில் முட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தூங்குமூஞ்சிக் கரையில் பகலில் தூங்காத ஒரே பிறவி அவள்தான்.

"அக்கா, பாம்பு வந்தா மட்டும் ஒரு குரல் கொடுக்கணும்."

"எனக்கு அப்படிப் பிரிச்சுப் பார்த்துக் கத்தத் தெரியாது தம்பி. எது வந்தாலும் கத்துவேன். என்ன வந்திருக்குன்னு நீதான் எட்டிப் பார்த்துக்கணும். சம்மதமா?"

"சம்மதம் அக்கா!"

அன்று முதல் அவள் கத்தினாள். ஆமை வந்தால் கத்தினாள். நாரை வந்தால் கத்தினாள். பனையிலிருந்து மட்டை விழுந்தாலும் கத்தினாள். வரகன் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடினான், எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான். மூன்றாம் நாள் அவனுக்குப் பொறுமை போயிற்று.

"சே! கண்ணை மூடினாப் பாம்பு, கண்ணைத் திறந்தா இவ கூப்பாடு!" என்று இலவம்பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டான்.

அதோடு விட்டானா? வாசலில் கிடந்த தேளின் முன்னால் போய் உட்கார்ந்து யோசித்தான். பாம்பு வந்தபிறகு நார் முடிச்சை அவிழ்த்து, ஓட்டைக் கழற்றி... அதற்குள் நாலு குட்டியும் பாம்பின் வயிற்றில் இருக்குமே! முடிச்சை அவிழ்த்தான். ஓட்டைத் தூக்கி எறிந்தான். கொடுக்கு ஈரமாக மின்னியது. பார்க்கவே அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாமை இரை தேடப் புறப்பட்டபோது, தேள் தூங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சுவரோடு சுவராக ஒட்டி நடந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"என் வீட்டுக்குள்ள நானே திருடி மாதிரி நடக்க வேண்டியிருக்கு. எனக்கு இது பயமா இருக்குங்க. இதைத் திருப்பிக் கொடுத்துடுங்களேன்!"

வரகன் காதில் பஞ்சு. "ஆமாம் ஆமாம், சீக்கிரம் வா!" என்று சிரித்தபடி அனுப்பி வைத்தான்.

அவள் போனதும் அவனுக்கு இன்னொரு யோசனை. முன்வாசலில் தேள் இருக்கிறது. பாம்பு பின்வாசல் வழியாக வந்தால்? கருவேல முள்ளைக் கொண்டுவந்து பின்வழியில் திணித்தான். அதன்மேல் களிமண்ணை அறைந்து பூசினான். முப்பாட்டன் காலத்திலிருந்து வந்த வழக்கத்தை ஒரே மத்தியானத்தில் மூடிவிட்டான், மகராசன்! பிறகு குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்தான்.

அன்றைக்குப் பாம்புக் கனவு வரவில்லை. வேறொரு கனவு வந்தது. அவனும் சாமையும் குட்டிகளும் ஓர் அல்லி இலைமேல் படுத்திருந்தார்கள். இலை மெல்ல மெல்ல ஆடியது. குளிர்ந்த தண்ணீர் காலை நக்கியது. ஆகா, என்ன சுகம்!

உண்மையில் காலை நக்கியதும் தண்ணீர்தான்.

மலைப்பக்கம் பெய்த மழையில் குளத்தின் மேல்கரை உடைந்துவிட்டது. ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பறந்தாள். கரையில் இருந்த அத்தனை பேரும் கனவைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். வரகன் மட்டும் அல்லி இலையில் ஆடிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் வயிற்றைத் தொட்டபோதுதான் விழித்தான். முன்வாசல் முழுக்கக் கலங்கல் தண்ணீர். தண்ணீருக்குப் பயந்த தேள், கொடுக்கைத் தூக்கியபடி உள்ளே, குட்டிகள் பக்கமாக ஓடி வந்துகொண்டிருந்தது!

வரகன் குட்டிகளைப் பின்னுக்குத் தள்ளினான். ஒரு கோரைத்தண்டை நீட்டித் தேளைத் தடுத்தான். அப்போது அவன் கால்களுக்குக் கீழே மண் அதிர்ந்தது. பின்வாசலில் யாரோ தோண்டுகிறார்கள்!

"பாம்பு! வெள்ளத்தோட வந்துடுச்சு! நான் அப்பவே சொன்னேனே!"

கோரைத்தண்டால் தேளைப் பின்வாசல் பக்கம் தள்ளினான். "கொட்டு! விடாதே, கொட்டு!"

களிமண் விரிசல் விட்டது. முள்ளுக்கு நடுவே ஏதோ அசைந்தது. தேள் தன் படிப்பை மறக்கவில்லை. ஓங்கி ஒரு கொட்டு!

ஓட்டை பெரிதாகி வெளிச்சம் உள்ளே விழுந்தது. வரகன் பார்த்தான். அது பாம்பின் தலை அல்ல. முள் கீறி ரத்தம் வழியும் ஒரு சின்ன முன்னங்கால். அதற்குப் பின்னால் சாமையின் முகம். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. அவன் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

"நான்தாங்க! நான்தாங்க! எத்தனை தடவை கத்துறது?"

வரகனுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அழ நேரம் இல்லை. தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது. சாமை கொட்டுப்பட்ட காலை மார்போடு மடக்கிக்கொண்டு, மறுகாலாலும் பல்லாலும் முள்ளை இழுத்தாள். அவன் உள்ளேயிருந்து தள்ளினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு! கவ்விக் கவ்வி எல்லாக் குட்டிகளையும் வெளியே எடுத்தார்கள். தேள் தண்ணீரில் மிதந்து எங்கோ போயிற்று.

ஆட்காட்டி முன்னால் பறந்து வழி காட்ட, தடுமாறித் தடுமாறி மேட்டுக்கு ஏறினார்கள். அங்கே ஒரு கருவேலமரம். அதன் கிளையில் அந்தச் சாரைப்பாம்பு! அக்கரையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்திருந்தது. கிளையை இறுகச் சுற்றி, கண்ணை மூடி, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நனைந்த முட்களோடு ஊசிமுத்து அண்ணாச்சியும் அங்கே உட்கார்ந்திருந்தார். சாமையின் வீங்கிய காலைப் பார்த்தார். வரகனைப் பார்த்தார்.

"உறையை எங்கே வச்சீங்க, தம்பி?"

வரகன் குனிந்து சாமையின் காலை நக்கிவிட்டான்.

சாமை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்துக்கொண்டாள். கால் பிழைக்கவில்லை. அது சூம்பிப்போயிற்று. அதற்குப் பிறகு அவளால் மண் தோண்ட முடியவே இல்லை. புது வளையை வரகன் ஒருவனே தோண்டினான். பின்வாசலை மெல்லிசான மண்ணால் மூடினான். ஆட்காட்டி கத்தும்போதெல்லாம், ஒருநாளைக்கு நாற்பது தடவையானாலும், முணுமுணுக்காமல் எட்டிப் பார்த்தான்.

பனி மறுபடி குளத்தின்மேல் மிதந்தது. அல்லி மறுபடி பாதி திறந்தது. ஒருநாள் ஆமை அந்த வழியாக வந்து, வழக்கம்போலக் கேட்டது:

"என்ன வரகா, இன்னைக்கு என்ன கனவு? பாம்புதானா?"

வரகன் உள்ளே திரும்பிப் பார்த்தான். சாமை ஒற்றை முன்னங்காலால் குட்டிகளைப் புரட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை. வாசல்ல ஒரு சின்னக் கால் வருது. தினமும் அதுதான் வருது. நான்தான்னு சொல்லிக்கிட்டே வருது" என்றான்.

பயத்தைக் கூப்பிட்டு வீட்டுக் காவலுக்கு வைத்தால், அது முதலில் கொட்டுவது வீட்டாரைத்தான்.