கழுத்தில் ஒரு நாள்

"யார் கழுத்துக்குன்னு சொன்னாத்தான் ஊசி தருவீங்களா? இது என்ன நியாயம்?"

கேட்டது அங்கயற்கண்ணி. மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் தர்க்கவியல் நடத்திவிட்டு, மே மாதம் ஓய்வு பெற்றவள். நியாயம் என்ற சொல்லை அவள் சும்மா எடுப்பதில்லை. எடுத்தால் எதிராளி உட்கார்ந்துவிட வேண்டும்.

எதிராளி ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாள், மிதி ராட்டைக்கு முன்னால். பெயர் தெபோரா. வயது இருபத்தெட்டு. கோத்தகிரிக்கு மேலே, தேயிலை முடிந்து புல் தொடங்குகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகையில் ஆட்டு ரோமம் நூற்கவும் பின்னவும் சொல்லிக்கொடுக்கிறவள்.

"ஆமா மேடம்," என்றாள்.

அவ்வளவுதான் பதில். ராட்டை நிற்கவில்லை.

அந்தக் கொட்டகையில் அது வழக்கம். யாருக்குப் பின்னப் போகிறோமோ, அவருக்கு முதலில் நூற்ற நூலை வளையமாகச் சுற்றி ஒரு சிட்டம் போகும். காலையிலிருந்து சாயந்திரம் வரை அவர் அதைக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். அரிக்கிறதா, குத்துகிறதா, சுகமாக இருக்கிறதா என்று அவரே சொல்ல வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் பின்னல் ஊசி கைக்கு வரும்.

"என் மருமகன் சுகமா இருக்கு அத்தைன்னு எழுதினார்," என்றாள் பக்கத்து ராட்டையிலிருந்த ரெஜினா. குன்னூரில் தையல்கடை வைத்திருப்பவள்; கிறிஸ்துமஸுக்கு முன்னால் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். "டீச்சர் நம்பலை. போட்டோ கேட்டாங்க. பார்த்தா, கழுத்து தக்காளி மாதிரி இருக்கு. இப்ப அவருக்கு ஸ்வெட்டர் கிடையாது. மனுஷன் நிம்மதியா இருக்கார்."

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"பரிசுன்னா சொல்லாம கொடுக்கறதுதான். கேட்டுக்கிட்டுக் கொடுத்தா அது பரிசா?"

"சொல்லாம கொடுத்தா, அரிச்சாலும் அவங்க போட்டுக்கணுமே, மேடம்."

அன்றைய வாதம் அத்தோடு நின்றது. முப்பத்தோரு வருஷத்தில் கடைசி வார்த்தை இன்னொருத்தியிடம் போனது இதுதான் முதல் தடவை.

*

ஆயுத பூஜையன்று மலையேறி வந்தவள் அவள். வந்தபோது கையில் ஒரு பெட்டி, நெஞ்சில் ஒரு கல்.

பெட்டியை இறக்கினாள். கல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் ஒரு கூடை ரோமத்தைக் கொடுத்தார்கள். முள்ளும் புழுக்கையும் ஒட்டிய ரோமம். வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று தரம் அலசினாள். பல் சீப்பில் வாரினாள். வாரி முடித்தபோது அது புளித்த மாவு மாதிரி பொங்கிக்கொண்டு நின்றது. ஆட்டு வாசனை மட்டும் போகவே இல்லை.

முதல் வாரம் அவள் நூற்றதெல்லாம் மண்புழு. ஒரு முழம் ஓடும், அறும். இன்னொரு முழம் ஓடும், முடிச்சாகி நிற்கும். காரணம் கேட்டாள். விதி கேட்டாள். தெபோரா விதி ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தொட்டு, "இறக்குங்க," என்றாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, வெளியே தூறல் பிடித்துக்கொண்டிருந்தபோது, விரல்களுக்கு நடுவிலிருந்து ரோமம் தானே கிளம்பிப் போயிற்று. இழுக்கவில்லை. தள்ளவில்லை. அது போகப் போக நூலாகிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷம் சாக்பீஸ் தின்ற விரல்கள் ஆட்டுக் கொழுப்பில் குழந்தை விரல் போல மெத்தென்று ஆகியிருந்தன.

அங்கயற்கண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மேடத்துக்குப் பல் இருக்கு!" என்று கத்தினாள் ரெஜினா.

அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, காலையிலிருந்து உட்காராமல், புடவை புடவையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பாள். அது அங்கயற்கண்ணிக்குத் தெரியும். செப்டம்பரில் அந்தக் கடைக்குப் போனபோது கண்ணால் பார்த்தாள்.

"வாங்க மேடம், என்ன ரேஞ்சுல பாக்கறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். முகம் மாறாமல் கேட்டாள்.

அங்கயற்கண்ணி ஒரு புடவையும் பார்க்காமல் படியிறங்கி ஓடிவந்துவிட்டாள். ஓடின ஓட்டம் கோத்தகிரியில்தான் வந்து நின்றது.

இங்கே வந்து பார்த்தால், சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்.

*

தீபாவளி முடிந்த மறுநாள் அவள் புது வாதத்தோடு வந்தாள். கழுத்தில் சிட்டம் தொங்கியது.

"காலையிலேர்ந்து போட்டிருக்கேன். அரிக்கலை. ஊசி கொடுங்க."

"இது யாரு கழுத்து?"

"கழுத்துன்னா கழுத்துதான். மனுஷங்க எல்லாருக்கும் கழுத்து உண்டு. அவளும் மனுஷி. ஆகவே—"

"ஆகவே உங்களுக்கே பின்னிக்கோங்க," என்று சொல்லி, தெபோரா ஒரு ஜோடி ஊசியை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

எட்டு நாள் அந்த ஊசி மடியிலேயே கிடந்தது. தனக்கென்று ஊசியில் ஒரு கண்ணிகூட அவளால் ஏற்ற முடியவில்லை. ஒவ்வொரு தடவை நூலைச் சுற்றும்போதும் காது சூடாகிவிடும்.

ஒன்பதாம் நாள் ஊசியைத் திருப்பி நீட்டினாள்.

"இது எனக்கு இல்ல, டீச்சர்."

டீச்சர் என்ற வார்த்தை அவள் வாயில் அன்றைக்குத்தான் வந்தது. தெபோரா ரோமம் வாரிக்கொண்டிருந்தாள். அங்கயற்கண்ணி எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவ பேரு பாண்டீஸ்வரி. மூணு வருஷம் என் மாணவி. போன வருஷம் ஏப்ரல்ல கடைசி செமஸ்டர் பரீட்சை. நான்தான் ஹால் சூப்பர்வைசர். பரிசோதனைக்கு வந்தவங்க அவ பெஞ்சுக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு எடுத்தாங்க. கேள்விக்குப் பதில் எழுதின சீட்டு."

"ம்."

"அவளுது இல்ல அது. முன் பெஞ்சுலேர்ந்து ஃபேன் காத்துல பறந்து வந்துச்சு. நான் பார்த்தேன். முன் பெஞ்சுல இருந்தது நிர்வாகத்துல ஒருத்தரோட பொண்ணு."

"ம்."

"'மேடம், நீங்க பார்த்தீங்கல்ல?'ன்னு கேட்டா. நான் வாட்ச்சைப் பார்த்தேன். அறிக்கை நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். ரிட்டயர் ஆக ஒரு வருஷந்தான் இருந்துச்சு, எதுக்கு வம்புன்னு. மூணு வருஷம் பரீட்சை எழுதக்கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க."

சீப்பு ஒரு தரம் இழுபட்டது. இன்னொரு தரம் இழுபட்டது.

"அந்தக் கடை ஏசியா, மேடம்?"

"என்னது?"

"ஏசி இருந்தா கழுத்துல கம்பளி தாங்கும். இல்லேன்னா மதுரையில கஷ்டம்."

அங்கயற்கண்ணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்கறீங்க? திட்டணும்னா திட்டுங்க!"

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும்," என்றாள் தெபோரா. "சிட்டத்தை அனுப்புங்க."

*

கடை முகவரிக்கு அனுப்பத் தயாரானாள். கூடவே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

முதல் கடிதம் நான்கு பக்கம் போனது. அதில் பாண்டீஸ்வரி இரண்டு வரிதான் இருந்தாள். மீதி முழுக்கச் சூழ்நிலை. கிழித்தாள். இரண்டாவதில் கல்லூரி நிர்வாகங்களின் போக்கைப் பற்றி அருமையான ஒரு பத்தி வந்தது. அதையும் கிழித்தாள். ஆறு கடிதம் கிழித்தபின் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள்.

"இதை ஒரு நாள் கழுத்தில் போட்டுப் பார்க்கவும். அரிக்கிறதா என்று தெரிவிக்கவும்."

பெயர் போடவில்லை. பதில் வர, கொட்டகை முகவரி மட்டும். பெயர் போடாமல் இருப்பதில் ஒரு நாசூக்கு இருப்பதாகத் தனக்குத் தானே வாதாடி, தானே ஜெயித்தாள்.

தபாலில் சேர்த்த அன்று அவளுக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. கார்த்திகை மூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. ரெஜினா வாசலில் காகித நட்சத்திரம் கட்டினாள். பால் விடாமல் வெல்லம் போட்ட கட்டங்காப்பி வந்தது. அங்கயற்கண்ணி நூற்றாள். அன்றைக்கு அவள் நூற்ற நூல் கொட்டகையிலேயே மெல்லியது. ரெஜினா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் மருமகனை இப்பக் கூப்பிடலாம்," என்றாள்.

டிசம்பர் பதினாறு. வெள்ளிக்கிழமை. உறை வந்தது.

"என்ன மேடம், அரிக்குதாமா?" கொட்டகை முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள் ரெஜினா.

உள்ளே அதே சிட்டம். நூலில் ஒரு ஜரிகை இழை சிக்கியிருந்தது. போட்டுப் பார்த்திருக்கிறாள்.

கூடவே அவள் அனுப்பிய அதே துண்டுக் காகிதம். பின்பக்கத்தில் எழுதியிருந்தது:

"உங்க எழுத்து எனக்குத் தெரியாதா மேடம்? மறுபடியும் ஒரு துண்டுச் சீட்டா?"

கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: "மூணு மணிக்குச் சாப்பாட்டு நேரம்."

அங்கயற்கண்ணிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை கொதித்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ராட்டைக்குப் பின்னால் குனிந்து, விழாத ஒன்றைத் தரையில் தேடினாள்.

கடைசியில் காகிதத்தைத் தெபோராவிடம் கொடுத்தாள். தெபோரா படித்தாள்.

"அரிக்குதான்னு சொல்லலையே."

"சொல்லியிருக்கா, டீச்சர்."

தெபோரா காகிதத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "இதுல கேள்வி இருக்கு. பதில் எழுதாத பேப்பருக்கு நீங்க என்ன போடுவீங்க?"

"சைபர்."

"மணி மூணாகப் போகுது."

"இங்கயா? இவங்க எல்லார் முன்னாலயுமா?"

"அந்தப் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டா சோதனை போட்டாங்க?"

பரீட்சை ஹாலில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். நூற்றிருபது பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கயற்கண்ணியைத் தவிர.

தெபோரா தன் ராட்டைச் சக்கரத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினாள். ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினாவும் நிறுத்தினாள். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அங்கயற்கண்ணி நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ, யாரு?" பின்னால் டிபன் பாக்ஸ் மூடிகள் உருண்டன.

"அங்கயற்கண்ணி."

"சொல்லுங்க மேடம்."

"அன்னைக்கு நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, பாண்டீஸ்வரி—"

"மேடம், இருபது நிமிஷந்தான் பிரேக். இன்னும் நான் சாப்பிடலை."

அங்கயற்கண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தோரு வருஷத்து வாதங்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன. ஒன்றுகூட உதவாது.

"பார்த்தேன்," என்றாள். "அந்தச் சீட்டு முன் பெஞ்சுலேர்ந்து பறந்து வந்ததை நான் பார்த்தேன்."

"இதை எனக்கு எதுக்கு மேடம் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"யுனிவர்சிட்டி தேர்வாணையருக்கு எழுதப்போறேன். இன்னைக்கே. என் பேரைப் போட்டு. யாருடைய பெஞ்சுன்னும் எழுதுவேன், நான் பொய்க் கையெழுத்துப் போட்டதையும் எழுதுவேன். கூப்பிட்டா நேர்ல வந்து நிப்பேன். தடையை எடுத்தா ஏப்ரல்ல நீ எழுதலாம்."

அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் சத்தம் நின்றுவிட்டது.

"உன் பதிவு எண் வேணும்மா. என்கிட்ட இல்ல."

பாண்டீஸ்வரி சொன்னாள். எங்கேயும் தேடவில்லை. யோசிக்கவில்லை. பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரே மூச்சில், பேர் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அங்கயற்கண்ணி எழுதிக்கொண்டாள்.

"தப்பாப் போயிடக்கூடாது மேடம்," என்றாள் அந்தப் பெண். "ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க."

அங்கயற்கண்ணி எழுந்து நின்று சொன்னாள்.