பதில் சொல்ல முடியாத ஜெபம்

சபை ஊழியரான மனுவேல் உபதேசியாரின் வீட்டுக்குள் ஜெபக்கனி நுழைந்தபோது செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, மற்றது தெருவில் போய் விழுந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் கண்மண் தெரியாது.

உபதேசியார் அவளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் வேதம் வாசிக்கவும், கூட்டத்தில் நின்று ஜெபிக்கவும் அவளைப் பழக்கியவர் அவர்தான். இப்போது பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக்கனி வாயைத் திறந்தால் கூரை ஓடு அதிரும் என்று ஊரே சொல்லும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“நியாயத்தைப் பேசுனது தப்பா, உபதேசியாரே? அதை மட்டும் சொல்லுங்க.”

“உக்காருங்கக்கா. என்ன நடந்துது?”

நடந்தது இதுதான். சபைக் கமிட்டியில் இருக்கிற சாம்துரை வெளியே வெள்ளை வேட்டி, வீட்டுக்குள்ளே மிருகம். அவன் பெண்டாட்டி எமிலியின் கையில் பெல்ட் தடத்தை ஜெபக்கனி தன் கண்ணால் பார்த்திருந்தாள். அந்த வாரம் ஜெபக்கூட்டம் சாம்துரை வீட்டிலேயே நடந்தது. முடிவு ஜெபம் ஜெபக்கனிக்கு. விடுவாளா? எல்லாரும் கண்ணை மூடியதும் பிடித்துக்கொண்டாள்.

‘கர்த்தாவே, கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் பெண்பிள்ளையைப் பெல்ட்டால் அடிக்கிறவர்களின் கையை நீரே முடக்கிப்போடும்.’

பெயர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? எல்லாரும் ஆமென் போட்டார்கள். சாம்துரையும் போட்டான், மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக.

அடுத்த ஞாயிறு எமிலி கோயிலுக்கு வரவில்லை. ஜெபக்கனி தேடிப் போனாள். கதவு பாதிதான் திறந்தது. எமிலியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. “நீங்க ஜெபம் பண்ணுனது போதும்க்கா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“மூஞ்சில அடிச்சாப்ல கதவச் சாத்துனா! அவளுக்காகத்தானே பேசுனேன்? ஊருல எல்லாரும் வாயில கொழுக்கட்டைய வச்சுக்கிட்டு இருந்தப்போ நான் ஒருத்திதானே வாயத் திறந்தேன்? நன்றி கெட்டவ!”

உபதேசியார் அடுக்களைப் பக்கம் திரும்பி, “கிறிஸ்டி, அக்காவுக்குக் காபி போடு” என்றார். பிறகு, “முதல்ல ஒரு ஜெபம் பண்ணிக்கிடுவோம்” என்று கண்ணை மூடினார்.

ஜெபம் என்றால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவளும் மூடிக்கொண்டாள்.

“அன்பின் பரலோகப் பிதாவே, உம்முடைய மகள் ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஜெபிக்கிற வாய் அவளுக்கு. அந்த வாய்க்குப் பயந்துதான் பெற்ற மகன் சூரத்திலிருந்து ஊருக்கு வருவதில்லை. தன் கல்யாணத்தைக்கூட அவளுக்குச் சொல்லவில்லை. அந்த மகளின் கல்லான இருதயத்தை உடைத்தருளும், ஆண்டவரே...”

ஜெபக்கனிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மகன் விஷயத்தை இதுவரை யாரும் அவள் காதுபடப் பேசியதில்லை. நிறுத்தும் என்று கத்த வாய் துடித்தது. ஜெபத்துக்கு நடுவில் எப்படிக் கத்துவது? யாரிடம் கத்துவது? அவர் பேசிக்கொண்டிருப்பது ஆண்டவரிடம் அல்லவா! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனுஷன் அவசரமே படவில்லை. ஒருவழியாக ஆமென் என்றார். பழக்க தோஷம், அவள் வாயும் ஆமென் என்றது. அதில்தான் அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

கண்ணைத் திறந்தால் எதிரே உபதேசியாரின் மனைவி கிறிஸ்டியம்மாள் டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அக்கா, கருப்பட்டிக் காபி. ஆறுமுன்ன...”

“ஆருக்கு வேணும் உன் காபி!”

ஜெபக்கனி கையை வீசினாள். டம்ளர் சுவரில் போய் மோதியது. கொதிக்கக் கொதிக்க இருந்த காபி கிறிஸ்டியம்மாளின் மணிக்கட்டில் கொட்டியது. “ஐயோ” என்று கையை உதறிக்கொண்டு அவள் பின்வாசல் குழாய்க்கு ஓடினாள்.

“அவ என்னக்கா செஞ்சா உங்களுக்கு?” என்றார் உபதேசியார்.

“அவளா? நீரு... நீருல்லா ஜெபத்துல வச்சு என்னை...”

“ஆமா. குத்துனது நான்.”

ஜெபக்கனி தரையில் ஓடிய காபியையே பார்த்தாள். தான் ஜெபத்தில் குத்தியதற்கு அடி வாங்கியது யார், எமிலி ஏன் கதவைச் சாத்தினாள் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து பின்வாசலுக்குப் போனாள். கிறிஸ்டியம்மாளின் கையைப் பிடித்துத் தண்ணீரில் காட்டிக்கொண்டு, “பாவி நான், மன்னிச்சிரு தாயி” என்றாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது உபதேசியார் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

“என்னையும் மன்னிச்சுக்கிடுங்க. உங்க மகன் விஷயத்த முகத்துக்கு நேரா பேச எனக்கு இத்தனை நாளா துணிச்சல் வரல. கண்ண மூடுனதும் வந்துட்டுது.”

அவள் குனிந்து டம்ளரை எடுத்து வைத்தாள். ஆனால் அவள் கோபம் போய்விடவில்லை. போகிற கோபமா அது?

“அப்ப நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா? அவன் அடிப்பான், நாம பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கணுமா?”

“யாரு அப்படிச் சொன்னா? எனக்கும்தான் வயிறு எரியுது.”

“அப்ப இப்பவே போறேன். கண்ணத் திறந்து, அவன் மூஞ்சியப் பாத்தே கேக்கேன்.”

“கேப்போம். நானும் வாரேன். கேட்டுட்டு நாம நம்ம வீட்டுக்கு வந்துருவோம். அந்த வீட்டுக்குள்ள அவன்கூட யாரு இருப்பா?”

வாசல்வரை போய்விட்ட ஜெபக்கனி நின்றாள்.

“எமிலி.”

உபதேசியார் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு எழுந்தார்.

“ஆண்டவர்கிட்ட சொன்னிய. ஊருக்குக் கேக்கச் சொன்னிய. இப்ப எங்கிட்டயும் சொல்லிட்டிய. ‘உனக்கு என்ன வேணும் பிள்ள’ன்னு அவகிட்ட ஒரு தடவையாவது கேட்டியளா?”

ஜெபக்கனி தெருவில் கிடந்த செருப்பை எடுத்து வந்து மற்றதோடு சேர்த்து வாசலில் வைத்தாள். “இல்லையே” என்றாள்.