ஹார்ன் இல்லாத வண்டி

“ஹார்ன் எங்கீங்க?”

கோ-கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டிக்குள் முதன்முதலாக உட்கார்ந்ததும் நாச்சிமுத்து கேட்டது இதுதான்.

“ஹார்ன் கிடையாதுங்கண்ணா,” என்றாள் பயிற்சி கொடுக்கிற ரெஜினா.

“பின்னாடி பாக்கறதுக்குக் கண்ணாடி?”

“அதுவும் கிடையாது.”

“கிளட்ச்?”

“கியரே இல்லைங்க, அப்புறம் கிளட்ச் எதுக்கு? வலது கால் ஆக்சிலேட்டர். இடது கால் பிரேக். அவ்வளவுதான் வண்டி.”

நாச்சிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. சிவக்காமல் என்ன செய்யும்? பொள்ளாச்சி உடுமலை தடத்தில் இருபத்திரண்டு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். தலைக்கு மேல் மூட்டை, படிக்கட்டில் பத்துப் பேர் என்று போகிற வண்டியை ஒற்றைக் கையால் திருப்பியவர். அவரைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு பெட்டிக்குள் மடக்கி உட்காரவைத்து, தலையில் ஹெல்மெட்டை அழுத்தி, அவர் வயதில் பாதிகூட இருக்குமோ என்னவோ, ஒரு பெண் பாடம் நடத்துகிறாள்.

“ஹார்ன் இல்லைன்னா முன்னால போறவன் எப்படிங் ஒதுங்குவான்?”

“ஒதுங்க மாட்டான்.”

“அப்புறம்?”

“ஓட்டிட்டு வாங்கண்ணா. பேசலாம்.”

ஓட்டினார்.

முதல் வளைவு வந்தது. கியரைக் குறைக்கும் நினைப்பில் இடது கால் தானாகப் போய் ஓங்கி மிதித்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கிளட்ச் இருந்த இடத்தில் இப்போது பிரேக் இருந்தது. வண்டி கிறுகிறுவென்று சுற்றி, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டாவது வளைவிலும் மிதித்தார். சுற்றினார்.

மூன்றாவது வளைவில் ஓரமாக அடுக்கியிருந்த பழைய டயர்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டார்.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் பொத்தென்று வைத்தார்.

“வண்டி சரியில்லீங்க.”

“வண்டி நல்லாத்தான் இருக்குது. உங்க கால் இன்னும் பஸ்லயே இருக்குது.”

மறுநாள் ரெஜினா ஒரு கூடைத் தக்காளியோடு வந்தாள்.

நாச்சிமுத்துவை நிற்கிற வண்டியில் உட்காரச் சொன்னாள். இடது கால் ஷூவைக் கழற்றச் சொன்னாள். பிரேக்குக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு தக்காளியை வைத்தாள்.

“மிதிங்க. தக்காளி உடையக் கூடாது.”

“இது என்னங்க விளையாட்டு?”

“மிதிங்கண்ணா.”

ஒன்பது தக்காளி உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு விழுந்தது. தக்காளி விற்கிற விலையைத் திட்டினார், இந்தப் பெட்டி வண்டியைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார், கடைசியில் தன் காலையே திட்டினார். பத்தாவது தக்காளி முழுசாக வெளியே வந்தது.

அன்று மாலை அவர் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. வளைவுகளை வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வந்தார். கை நல்ல கைதான், அதை யாரும் மறுக்க முடியாது.

வண்டியை விட்டு இறங்கிய வேகத்தில் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிற புதியவர்கள் பந்தயத்துக்கான சீட்டு. பயிற்சி கொடுத்தவர் கையெழுத்து இல்லாமல் யாரையும் சேர்க்க மாட்டார்கள்.

“கையெழுத்துப் போடுங்க.”

“இன்னும் ஆகலைங்கண்ணா.”

“இன்னும் என்ன ஆகோணும்?”

“நாளைக்குக் கூட்டத்துல ஓட்டுங்க. பார்க்கலாம்.”

மூன்றாம் நாள் கூட்டத்தில் ஓட்டினார்.

கூட்டம் என்றால் எட்டு வண்டி. அதில் மூன்று பேர் பழகியவர்கள், அவரைவிட வேகமானவர்கள். அப்படி ஒருவர் பின்னால் வந்தால் நீலக் கொடி காட்டுவார்கள். கொடியைப் பார்த்தவர் ஓரமாக ஒதுங்கி வழி விட வேண்டும். கண்ணாடி இல்லாத வண்டியில் பின்னால் நடப்பதைச் சொல்ல அந்தக் கொடி ஒன்றுதான் உண்டு.

நீலக் கொடி காட்டினார்கள். நாச்சிமுத்து ஒதுங்கவில்லை.

மறுபடி காட்டினார்கள். நடுப்பாதையில் வண்டியைப் பரப்பிக்கொண்டு ஓட்டினார்.

மூன்றாவது தடவையும் காட்டினார்கள். பின்னால் வந்தவர் இடது பக்கம் போனால் இவர் இடது பக்கம் போனார், வலது பக்கம் போனால் வலது பக்கம் போனார்.

கறுப்புக் கொடி காட்டி வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

“எதுக்குங் என்னை வெளியே கூப்பிட்டீங்க?” வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தார். “நான் யாரை இடிச்சேன்? யாருக்கு என்ன ஆச்சு? நானும் அவனும் ஒரே கட்டணம்தானே கட்டியிருக்கோம். அவனுக்கு நான் எதுக்கு வழி விடோணும்? இருபத்திரண்டு வருஷத்துல எந்த வண்டியையும் நான் முன்னால விட்டதில்லை. தெரியுமுங்களா?”

“கொடி பார்த்தீங்களா?”

“இல்லை.”

ரெஜினா அவரையே பார்த்தாள்.

“மூணு தடவை காட்டினாங்க.”

“வெயில் கண்ணுல அடிச்சுது.”

ரெஜினா ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்தார், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

“இந்தப் பந்தயம் எதுக்குங்கண்ணா உங்களுக்கு?”

அதற்காகவே காத்திருந்த மாதிரி கொட்டினார்.

“முதலாளி மேஜை மேல கப்பைக் கொண்டுபோய் வெக்கோணும். ‘பாரய்யா, நான் யாருன்னு’ன்னு சொல்லோணும். ரெண்டு மாசமா என்னை ரூட்டுல விடலீங்க. ஷெட்டுக்குள்ள போட்டுட்டாரு. பஸ்ஸைக் கழுவற இடத்துக்குக் கொண்டுபோறது, கழுவுனதும் டீசல் பங்குக்குக் கொண்டுபோறது. இதுதான் இப்ப என் வேலை. நேத்து வந்த பசங்க ஸ்டியரிங் பிடிக்கறானுங்க, நான் கழுவற பைப்புக்கு வழி விட்டு நிக்கறேன்!”

“என்ன ஆச்சு?”

“ஆலாங்காட்டுப் பிரிவு ஸ்டாப்புல ஒரு பெரியவர் இறங்கறப்ப விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு போச்சு. பின்னாலயே இன்னொரு பஸ் ஒட்டிட்டு வந்துது. நான் மெதுவாத்தான் வந்தனுங்க. வண்டி நிக்கறதுக்கு முன்னாலயே அவரு காலைக் கீழே வெச்சுட்டாரு. நான் என்ன பண்றது?”

“கண்டக்டர் விசில் அடிக்கலையா?”

தனியார் பஸ்ஸில் ஏறிய யாருக்கும் இது தெரியும். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ.

“அடிக்கலீங்க,” என்றார் நாச்சிமுத்து. “விசாரணையிலயும் அதைத்தான் சொன்னேன். ஆறுச்சாமின்னு பேரு. பதினோரு வருஷம் என்கூடவே ஓடுனவன். அன்னைக்குன்னு பாத்து அடிக்கலை. அவனை வேலையை விட்டே நிறுத்திட்டாங்க. அவன் பாவம்தான். ஆனா அவன் தப்புக்கு என்னை எதுக்கு ஷெட்ல போடோணும்?”

ரெஜினா முந்தின நாள் வாங்கி வைத்திருந்த சீட்டை எடுத்தாள். கையெழுத்துப் போடாமல் மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“நாளைக்கு வாங்கண்ணா. ஹெல்மெட் வேண்டாம். தொப்பி மட்டும் கொண்டு வாங்க.”

நான்காம் நாள் மூன்றாவது வளைவில் ஒரு ஸ்டூல் போட்டு, கையில் மஞ்சள் கொடியைக் கொடுத்து, அவரை அதில் ஏறி நிற்கச் சொன்னாள்.

“இந்த வளைவுல ஏதாவது வண்டி சுத்தி நின்னா இதை ஆட்டுங்க. மஞ்சளைப் பார்த்தா எல்லாரும் காலை எடுத்துடணும். யாரும் யாரையும் முந்தக் கூடாது.”

“நான் ஓட்ட வந்தவன்!” நாச்சிமுத்துவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. “கொடி பிடிக்கிற ஆசை இருந்தா ஏதாவது கட்சியில போய்ச் சேந்திருப்பேனே. எதுக்குங்க இங்க வந்து வெயில்ல நிக்கறேன்?”

“ஒரு அரை மணி நேரம்ங்கண்ணா.”

அவர் ஸ்டூலில் ஏறி நின்றார். ஏறின கையோடு இந்தப் பெண்ணையும், முதலாளியையும், வெயிலையும் ஒரு சுற்றுத் திட்டி முடித்தார்.

புதிதாக வந்த ஏழு பேர் ஓட்டத் தொடங்கினார்கள்.

ஸ்டூல் மேலிருந்து பார்த்தால் வளைவுக்கு முன்னால் வருகிற வண்டியும் தெரிந்தது, வளைவுக்குப் பின்னால் போகிற வண்டியும் தெரிந்தது. ஓட்டுகிறவனுக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. டயர்ச் சுவர் மறைத்துக்கொண்டிருந்தது.

நாலாவது சுற்றில் நித்திலா என்கிற பல் டாக்டரம்மா வளைவைத் தாண்டியதும் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி சுற்றி, நடுப்பாதையில் குறுக்கே நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது.

நாச்சிமுத்து கொடியை ஆட்டினார்.

முதல் வண்டி காலை எடுத்தது, ஓரமாக ஊர்ந்து போனது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போயின.

நாலாவதாக ரோஷன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். அவனுக்குப் பின்னால் இன்னொரு வண்டி ஒட்டிக்கொண்டே வந்தது.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் கொடியை ஆட்டினார். ஸ்டூல் மேல் நின்றபடியே குதித்தார். “டேய், நிறுத்துடா!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ரோஷன் நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட்டுக்குள் அவன் கண் தெரிந்தது. கொடியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், காலை எடுக்காமல் வளைவுக்குள் போனான்.

இடித்த சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து ஸ்டூலிலிருந்து குதித்து ஓடினார். நித்திலா வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். “பல் பிடுங்கற கைங்க இது,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

ரெஜினா எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு ஐஸ் கட்டியோடு வந்தாள். நித்திலாவின் கையை மடியில் வைத்து, துணியைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

“கொடி பார்த்தியா ரோஷன்?”

“இல்லை மேடம்.” ஹெல்மெட்டைக் கழற்றியபடி ரோஷன் சொன்னான். “சத்தியமா யாரும் கொடி காட்டலை. அவங்க நடுவுல நின்னுட்டாங்க. நான் என்ன பண்றது?”

நாச்சிமுத்து அவன் முன்னால் போய் நின்றார்.

“காட்டலையா? நான் காட்டலையா? கை கழண்டு போற மாதிரி ஆட்டுனேன்! என் கண்ணைப் பாத்துட்டுத்தானடா போனே!”

“நான் பார்க்கலை சார்.”

“பொய் சொல்றானுங்க!” ரெஜினாவிடம் திரும்பினார். “வெயில்ல நின்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனவன் நான். இப்ப என்னைப் பொய்யன் ஆக்கறான். இந்தப் பொண்ணு கைக்கு நான்தான் காரணம்ங்கற மாதிரி பேசறான். இதை நீங்க கேட்டுட்டு நிக்கறீங்களே, இது நியாயமுங்களா?”

“அவன் எதுக்குங்கண்ணா பொய் சொல்லணும்?”

“எதுக்கா? பின்னால ஒருத்தன் ஒட்டிட்டு வந்தான். காலை எடுத்தா அவன் முந்திருவான். அதுக்குத்தான் நிறுத்தலை. இப்பக் கொடி தெரிஞ்சுதுன்னு ஒத்துக்கிட்டா, அந்தம்மா கைக்கு இவன் பதில் சொல்லோணும். கொடி காட்டலைன்னு சொல்லிட்டா, கொடி பிடிச்சு நின்னவன் தலையில போயிரும். அதனாலதான்...”

நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினார்.

நித்திலா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மஞ்சள் கொடி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதைச் சுருட்டினார். மறுபடி விரித்தார். மறுபடி சுருட்டி, பக்கத்தில் கிடந்த டயர் மேல் வைத்தார்.

“சீட்டைக் கொடுங்கண்ணா,” என்றாள் ரெஜினா. பேனாவைத் திறந்தாள். “கையெழுத்துப் போடறேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். அதை அவளிடம் கொடுக்கவில்லை.

“பேனாவை மட்டும் கொடுங்க.”

வாங்கிக்கொண்டு, இடிபட்ட வண்டியின் சீட் மேல் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். முதல் வார்த்தையை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

‘முதலாளி அவர்களுக்கு. ஆறுச்சாமி விசில் அடித்தார். நிறுத்தச் சொல்லி மூன்று முறை அடித்தார். எனக்குக் கேட்டது.’